தொண்ணூற்றிரண்டு டிகிரி

அத்தியாயம் 9

தகரம் கழன்றது.

எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில், அந்த பிளாக்கின் மாடிப்படி வாசலைப் பதினான்கு நாளாக அடைத்துக்கொண்டு நின்ற தகரம். கார்ப்பரேஷன் ஆட்கள் இருவர் கட்டுக்கம்பியை வெட்டி, இழுத்துத் தெருவில் போட்டார்கள். போட்ட சத்தத்தில் எதிர் பிளாக்கின் நான்கு மாடியிலும் தலைகள் முளைத்தன.

"பாருங்க, நல்லா பாருங்க," என்றாள் சொக்கம்மாள், இடுப்பில் கை வைத்து மேலே அண்ணாந்து. "பதினாலு நாளும் பாத்துக்கினுதானே இருந்தீங்க? இன்னிக்கும் பாருங்க. டிக்கெட்டு கெடையாது."

மகிழினி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "கம்முனு வாம்மா."

"நான் இன்னாத்துக்குடி கம்முனு வரணும்? எவன் வூட்லயாவது திருடினனா?"

மகிழினி படியைப் பார்த்தாள். இந்த வீட்டால் அடைபட்டுக் கிடந்த மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் இவர்களைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். திருடியிருந்தால்கூட இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

சுப்பராயன் பெயர் இப்போது ஊருக்கெல்லாம் தெரியும். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் மேல் ஏற்றிய பெட்டிகளைச் சங்கிலி போட்டு இறுக்குகிறவர், சொக்கம்மாளின் புருஷன், மகிழினியின் அப்பா. ஜூலை மூன்றாம் தேதி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்றுவரை அரசு ஆஸ்பத்திரியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிறார். அவரோடு வேலை செய்த பதினோரு பேருக்கும் அதே வாரத்தில் காய்ச்சல். யார்டை மூடினார்கள். மூடிய கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

'காய்ச்சலை மறைத்து வேலைக்கு வந்து நோயைப் பரப்பிய தொழிலாளி சுப்பராயன் மீது காவல்துறையில் புகார் அளிக்கப்படுகிறது.'

போன வாரம் அந்த நோட்டீஸ் வாட்ஸப்பில் வியாசர்பாடி முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியாக மகிழினியின் போனுக்கு வந்து சேர்ந்தது. நேற்று சாயங்காலம் இன்னொரு படம் வந்தது. அனுப்பியவர் யார்டின் சேஃப்டி ஆபீசர் சங்கரநாராயணன். டைப் அடித்த ஒரு லெட்டர். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, மகிழினியின் பெயர்.

'என் தந்தைக்குக் காய்ச்சல் இருந்தது எனக்குத் தெரியும். தந்தை என்பதால் சோதிக்காமல் உள்ளே விட்டேன்.'

கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "காலைல பத்து மணிக்கு வாம்மா. பதினோரு மணிக்கு கார்ப்பரேஷன்ல இருந்து ஆய்வுக்கு வாராங்க. இது இருந்தா யார்டு நாளைக்கே திறக்கும். போலீஸ் புகாரையும் நாங்க வாபஸ் வாங்கிருவோம். ஒரே ஒரு கையெழுத்து."

அதே யார்டில், இரண்டாம் நம்பர் கேட்டில், நெற்றிக்கு நெற்றி டெம்பரேச்சர் கன்னை நீட்டி நோட்டில் எழுதுகிறவள்தான் மகிழினி. பி.காம். முடித்துவிட்டுக் கிடைத்த வேலை. அங்கேயே ஆபீஸ் அறைகளைக் கூட்டித் துடைக்கிறவள் சொக்கம்மாள். ஜூலை மூன்றாம் தேதி காலையில் அப்பாவின் நெற்றிக்கு நேரே கன்னைப் பிடித்தது அவள் கைதான்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. வார்டில் யாருடைய போனையோ வாங்கிப் பேசினார் சுப்பராயன்.

"மகி..."

"இன்னா நைனா, துன்னியா?"

"கஞ்சி குடுத்தாங்க." ஒரு மூச்சு. "அந்த லெட்டரு... போட்டுடு."

"நைனா..."

"எனுக்கு இன்னா... பேரா, ஊரா? நீ உள்ள போவணும். ஒங்கம்மா உள்ள போவணும்." இன்னொரு மூச்சு. இந்த முறை நீளமாக, விசிலடிப்பதுபோல. "அன்னிக்கிக் காலீல ஒடம்பு கொதிச்சிது மகி. வெயிலா, காச்சலான்னு எனுக்கே தெர்ல. எல்லாரும் வெச்சாங்க, நானும் ஐஸ் வெச்சேன். சில்லுனு கீதேன்னு உள்ள போய்ட்டேன். அவ்ளோதான்."

லைன் போய்விட்டது. சொக்கம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுதாளா, மாஸ்க்கைச் சரிசெய்தாளா, மகிழினிக்குத் தெரியவில்லை.

---

இரண்டாம் நம்பர் கேட்டின் மதிலில் ஆளுயர போர்டு. மத்திய அரசின் விதிகள், வரிசையாக. முகக்கவசம் கட்டாயம். ஆறடி இடைவெளி. நுழையும்போதும் வெளியேறும்போதும் உடல் வெப்பச் சோதனை. போர்டின் மேல் மட்டும் சின்னதாக ஒரு கூரை போட்டிருந்தார்கள், மழையில் எழுத்து அழியாமலிருக்க.

ஆட்களுக்குக் கூரை கிடையாது.

தரையில் ஆறடிக்கு ஒரு வெள்ளை வட்டம். நூற்று அறுபது பேருக்கு நூற்று அறுபது வட்டம். வரிசை மதிலைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களை ஒட்டி நீளும். கிழக்கே கடல். காலை எட்டு மணி வெயில் நேராக நெற்றியில் அடிக்கும். மே மாதம் முதல் நாளே கன் கத்த ஆரம்பித்தது. நூறு, நூற்றொன்று, நூற்றொன்று. நல்ல திடகாத்திரமான ஆட்கள் முப்பத்திரண்டு பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போனால் பதினான்கு நாள் வரக்கூடாது. கூலி கிடையாது.

"நிழலுக்கு ஒரு ஷீட்டு போடுங்க சார்," என்று போய்க் கேட்டார், சங்கிலி இறுக்கும் லாஷிங் ஆட்களின் மேஸ்திரி பொன்ராஜ்.

"நிழல் போட்டா கூட்டம் கூடும். ரூல் ஒத்துக்காது," என்றார் சங்கரநாராயணன்.

மறுநாள் பொன்ராஜ் கேட்டுக்கு எதிரே இருந்த ஹுமாயூன் பாயின் சர்பத் வண்டியில் ஒரு துண்டு ஐஸை உடைத்து வாங்கி, நெற்றியில் இரண்டு நிமிஷம் அழுத்திக்கொண்டு வந்தார். கன் அவருக்கு 'தொண்ணூற்றிரண்டு' என்றது. உள்ளே போய்விட்டார். அதற்கு மறுநாள் வரிசை முழுக்கக் கையில் ஐஸ். அதன்பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. மாஸ்க், கார்டு, ஐஸ்.

இன்றைக்கும் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். யார்டு திறக்கும் என்ற நம்பிக்கையில் ஏழு மணிக்கே வந்து வட்டங்களில் நின்றவர்கள். ஆட்டோவிலிருந்து இறங்கிய மகிழினியை நூற்று நாற்பது ஜோடிக் கண்களாவது பார்த்திருக்கும்.

ஹுமாயூன் பாய் இரண்டு கிளாஸ் நன்னாரி சர்பத்தை வண்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்றார். "குடி கண்ணு. நைனா எப்டி கீறாரு?"

"பேசினாரு பாய்."

"அல்லா காப்பாத்துவான். நான் குடுத்த ஐஸுதான் கண்ணு..." பாய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பொன்ராஜ் தன் வட்டத்திலிருந்தே குரல் கொடுத்தார். "மகி! லெட்டரு விஷயம் கேள்விப்பட்டோம். போட்டுடும்மா. சுப்பராயன் நம்ம ஆளுதான், இல்லன்னு சொல்லல. ஆனா பதினஞ்சு நாளா அடுப்பு எரியல, அத்தயும் யோசி."

"எங்கூட்ல மட்டும் பிரியாணி வெந்துதா மேஸ்திரி?" என்றாள் சொக்கம்மாள்.

பொன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

---

சங்கரநாராயணனின் அறையில் மேஜைக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் திரை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா. சேர்ல உக்காராத, மருந்து அடிச்சிருக்கு. நின்னே போட்டுரு." லெட்டரைத் திரைக்கு அடியில் ஒரு ஸ்கேலால் தள்ளினார். பின்னாலேயே ஒரு பேனா உருண்டு வந்தது. "பேனாவ நீயே வச்சுக்க. எனக்குத் திருப்பித் தராண்டாம்."

தொட்ட பேனா திரும்ப வேண்டாம். மகிழினிக்குக் காது மடல் சுட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"லெட்டர்ல தேதி இல்ல சார். சரியா போடணும். நோட்ட குடுங்க, பாத்து எழுதறேன்."

அவசரத்தில் இருந்த மனிதர். யோசிக்காமல் அலமாரியைத் திறந்து இரண்டாம் கேட் ரிஜிஸ்டரை எடுத்துத் தள்ளினார்.

ஜூலை மூன்று. அவள் கையெழுத்து. பதினேழாவது வரி: சுப்பராயன், 92.1. பதினாறாவது, 91.8. பதினெட்டாவது, 92.4. அதற்குக் கீழே 90.9. பக்கத்தைத் திருப்பினாள். முந்தின நாளும் அப்படித்தான். அதற்கு முந்தின நாளும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்ப். அதன்மேல் பச்சை மையில் சங்கரநாராயணனின் கையெழுத்து, ஒரு நாள்கூடத் தப்பாமல்.

இத்தனை நாளும் அவள் கண் முன்னால்தான் இருந்தது. ஒவ்வொரு வரியாக எழுதியவளுக்குப் பக்கம் தெரியவில்லை. பதினான்கு நாளாக அவளைத் தூங்கவிடாத நெஞ்செரிச்சல் இப்போது வேறு பக்கம் திரும்பிற்று.

மேஜை ஓரத்தில் கன் கிடந்தது. எடுத்தாள். திரைக்குப் பக்கவாட்டில் கையை நீட்டி, சங்கரநாராயணனின் நெற்றிக்கு நேரே பிடித்து அழுத்தினாள்.

"ஏய், என்ன செய்யுத?"

'பீப்.'

"தொண்ணூத்தி ஏழு புள்ளி நாலு," என்று படித்தாள் மகிழினி. "ஏசி ரூமுல குந்திக்கினு கீற ஒங்களுக்கே தொண்ணூத்தி ஏழு சார். வெயில்ல நின்ன நூத்தி அறுவது பேருக்கும் தொண்ணூத்தி ரெண்டு, தொண்ணூறு. அதுவும் தெனமும். ஒரு நாளாவது இன்னா இதுன்னு கேட்டீங்களா?"

"எழுதினது நீதான?"

"நான்தான். வரிசையில ஐஸ் வெச்ச மொத நாளே ஒங்க கிட்ட ஓடியாந்து சொன்னேன், தப்பா காட்டுது சார்னு. 'நூறத் தாண்டலன்னா எழுது'ன்னீங்க. எய்தினேன். என் தப்பு. அப்பால இந்தக் கையெழுத்து யாருது?"

சங்கரநாராயணன் எழுந்துவிட்டார். கோபம் பாதி, பயம் பாதி. "இங்க பாரும்மா, எனக்கும் மேல ஆளு இருக்கு. பெட்டி நின்னா என் தலையைத்தான் கேப்பாங்க. நான் சொல்லுதேன், போட்டுட்டுப் போ. உங்கப்பா வெளிய வரும்போது போலீஸ் வாசல்ல நிக்கணுமா?"

"நிக்கட்டும்!"

இது சொக்கம்மாள். கதவோரத்தில், துடைப்பம் இல்லாமல் முதல்முறையாக அந்த அறையில் நின்றவள்.

"போலீசு வரட்டும் சார். வந்தா நானும் ஒண்ணு கேக்கணும். ஒங்க மேனேஜரு மும்பையில இருந்து வந்தாரே, கையில ஊதா மையில சீல் குத்திக்கினு. நான் காப்பி டம்ளர் எடுக்கும்போது சட்டக் கைய இஸ்து மூடினாரு. இங்கிலீசு தெரியாது எனுக்கு. நம்பரு தெரியும். எட்டு, அப்பால ஏழு. ஜூலை எட்டு வரிக்கும் வூட்ட வுட்டு வெளிய வரக்கூடாதுன்னு குத்துன சீலு. அவரு எப்போ வந்தாரு? ஜூன் இருவத்தாறு!"

"சொக்கம்மா..."

"இரு சார், முடிக்கல. மறுநாளு என் புருசனையும் இன்னும் பதினோரு பேத்தையும் அவரு ரூமுக்கு இட்டாந்து, கதவ சாத்திக்கினு, பெட்டி லேட்டாவுதுன்னு அரை மணி நேரம் கத்தினாரு. மாஸ்க்க தாடைக்கு எறக்கி வுட்டுக்கினு! அந்தப் பன்னெண்டு பேருதான் சார் வியுந்தாங்க. அந்தப் பன்னெண்டு பேருதான்!" ஓரடி முன்னால் வந்தாள். "வூட்ல போய் அவருகிட்ட சொன்னேன். 'பெரிய மன்சனுங்க சமாச்சாரம், கம்முனு இரு'ன்னாரு. கம்முனு இருந்தேன். என்னை எதால அடிக்கறது?"

அறை வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மூச்சுப்பனி படிந்த முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றவர் கார்ப்பரேஷன் சுகாதார ஆய்வாளர் பாரி. எத்தனை நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"லெட்டர் ரெடின்னு சொன்னீங்களே, எங்க?" என்றார்.

"இதோ தரேன் சார்," என்றாள் மகிழினி.

டைப் அடித்த பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டாள். திருப்பித் தர வேண்டாத அந்தப் பேனாவைத் திறந்தாள். நின்றுகொண்டே, வெற்றுப் பக்கத்தில் எழுதினாள்.

'இரண்டாம் கேட்டில் மே மாதம் முதல் வெப்பம் பார்த்து எழுதியவள் நான். வரிசைக்கு நிழல் இல்லாததால் நல்லா இருக்கிறவர்களுக்கும் நூறு காட்டியது. அதனால் எல்லாரும் நெற்றியில் ஐஸ் வைத்தார்கள். அது எனக்குத் தெரியும். சேஃப்டி ஆபீசரிடமும் சொன்னேன். என் அப்பா சுப்பராயனும் எல்லாரையும்போல ஐஸ் வைத்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. சோதனையே இல்லாத சோதனையை எழுதியது என் தப்பு. அதைச் சரி என்று கையெழுத்துப் போட்டது என் தப்பு அல்ல.'

கையெழுத்துப் போட்டாள். எழுத்து நேராகத்தான் இருந்தது.

"நானும் ஒண்ணு போடறேன்," என்றாள் சொக்கம்மாள். மகளின் பெயருக்குக் கீழே, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள்.

பாரி படித்தார். பிறகு ரிஜிஸ்டரைப் புரட்டினார். பத்துப் பக்கம், இருபது பக்கம். மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது; அதில் சந்தோஷம் இல்லை.

"தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணு... பொணத்துக்குத்தான்யா இந்தச் சூடு இருக்கும். நூத்தி அறுபது பொணத்த வச்சு ரெண்டு மாசமா யார்டு ஓட்டியிருக்கீங்களா?"

சங்கரநாராயணன் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து இழுப்பறையில் வைத்தார்.

"சரி. ஒண்ணாம் நம்பர் கேட்டு ரிஜிஸ்டர எடுங்க. ஆபீசர்ஸ் கார்ல வர்ற கேட்டு."

சங்கரநாராயணன் அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"ரிஜிஸ்டர் சார்!"

"அங்க... கார்ல வாரவங்களுக்கு வைக்கல சார்."

"கண்ணாடியே எறக்க மாட்டாங்க," என்றாள் சொக்கம்மாள்.

பாரி ரிஜிஸ்டரை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ரூல் போர்டுல இருக்கு. எல்லாருக்கும்னுதான் போட்டிருக்கு, கூலிக்காரனுக்கு மட்டும்னு போடல. உங்க மேனேஜர் எங்க?"

"நேத்துல இருந்து போன் எடுக்கல சார்," என்றார் சங்கரநாராயணன். அவருடைய குரல் திடீரென்று கேட்டில் நிற்கிறவர்களின் குரல்போல ஆகியிருந்தது. பாரி தன் போனை எடுத்து நம்பரை அழுத்தினார்.

---

வெளியே வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

மகிழினி கேட்டின் சின்னக் கதவைத் தாண்டி வந்ததும் வரிசையில் ஒரு சலசலப்பு. வட்டங்களில் குந்தியிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பொன்ராஜ் மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டார். கையில் ஐஸ் தயாராக இருந்தது.

"கையெழுத்து போட்டியாம்மா?"

"போட்டேன் மேஸ்திரி."

"அப்பாடா!" என்று யாரோ கத்தினார்கள். யாரோ விசிலடித்தார்கள். ஹுமாயூன் பாய் மட்டும் மகிழினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

நெடுஞ்சாலையிலிருந்து கார்ப்பரேஷன் லாரி ஒன்று திரும்பி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. பின்பக்கக் கதவு திறந்தது. இரண்டு பேர் குதித்தார்கள். காலையில் கட்டுக்கம்பி வெட்டிய அதே ஆட்கள்.

அவர்கள் இறக்கியது தகரம்.

ஒன்று. இரண்டு. மூன்று. வெயிலில் கண் கூசியது. முதல் தகரத்தை நிமிர்த்தி, இரண்டாம் நம்பர் கேட்டின் கம்பிமேல் சாய்த்தார்கள். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு ஒண்ணாம் நம்பர் கேட்டைப் பார்த்து நடந்தார்கள். விசில் நின்றது.

பொன்ராஜின் கையிலிருந்த ஐஸ் நழுவி விழுந்து நொறுங்கியது.

"இன்னாடி எய்திக் குடுத்த?" என்றார். 'அம்மா' போய்விட்டிருந்தது.

"உண்மைய எய்தினேன் மேஸ்திரி."

"யாரு மொத மொத ஐஸ் வெச்சான்னும் எய்தினியா?"

"இல்ல."

"எவன் நம்புவான்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இன்னொரு பதினாலு நாளா?" என்றது இன்னொன்று. "அப்பனக் காப்பாத்த நம்ம அத்தன பேத்தையும் மாட்டி வுட்டுட்டா!"

இத்தனை நாளும் ஒருவரும் மிதிக்காத வட்டத்துக் கோட்டைத் தாண்டி முதலில் ஒருவர் வந்தார். பின்னால் மூன்று பேர். பிறகு வரிசை என்று ஒன்று இல்லை. மகிழினியின் முதுகு சுடுகிற தகரத்தில் இடித்தது.

அவளுக்கு முன்னால் வந்து நின்றாள் சொக்கம்மாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். இரண்டு கையையும் விரித்தாள்.

"யாருடா அது?" நெடுஞ்சாலையில் போன டிரெய்லர் சத்தத்தையும் மீறிக் கேட்டது அந்தக் குரல். "ஆறடி தள்ளி நில்லுங்கடா!"